இலைக்கும் வெயில் சுடும்

சென்ற இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "ஒளிச்சேர்க்கை நடக்கிற அதே இடத்தில்தான் இலைக்கு ஆபத்தான ஆக்ஸிஜனும் உண்டாகிறது" என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை பகுதி முழுக்க அதற்கே. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன், சிலவற்றைச் சுருக்கியும் இருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஆறு மாதமாக வீட்டுக்குள் நன்றாக வளர்ந்த செடியை, பாவம் வெயிலே படவில்லையே என்று வெளியே கொண்டுபோய் வைத்தேன். தண்ணீரும் தவறாமல் ஊற்றினேன். மூன்றே நாளில் இலைகள் வெளிறி, நடுவில் காகிதம் மாதிரி காய்ந்துவிட்டன. செடிக்கு வெயில்தானே சாப்பாடு?

பதில்: வெயில் சாப்பாடு இல்லை, அடுப்பு நெருப்பு. கரியமில வாயுவையும் தண்ணீரையும் அந்த நெருப்பில் வைத்து இலை சமைத்துக்கொள்ளும் சர்க்கரைதான் சாப்பாடு. சமைக்கிற வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் நெருப்பைக் கூட்டினால் சாப்பாடு கூடாது, அடிப்பிடிக்கும்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 2000 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன. பெரும்பாலான செடிகளின் இலை இதில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் பாதி கிடைத்த உடனேயே போதும் என்கிற நிலைக்கு வந்துவிடும் (கரும்பு, மக்காச்சோளம் மாதிரி சில வகைகள் இன்னும் தாக்குப்பிடிக்கும்). ஆனால் பச்சையத்துக்குக் கண்ணை மூடத் தெரியாது. தேவையோ இல்லையோ, விழுகிற ஒளியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சிய ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். போக வழியில்லாமல் தேங்கினால் பக்கத்தில் இருக்கிற ஆக்ஸிஜன் மேல் பாய்கிறது, அந்த ஆக்ஸிஜன் வெறிபிடித்தது போல் ஆகி, இலையின் கொழுப்பையும் புரதத்தையும் பச்சையத்தையும் அரிக்கத் தொடங்குகிறது. நீங்கள் பார்த்த வெளிறல் அதுதான், பச்சையமே சிதைந்துபோன இடம்.

உங்கள் செடி நிழலில் வளர்ந்தது என்பது இதில் முக்கியம். நிழலில் பிறந்த இலை, கிடைக்கிற சொற்ப ஒளியையும் விடாமல் பிடிக்கும்படி தன்னைக் கட்டிக்கொள்கிறது: அகலமாக, மெல்லிசாக, ஒளியைப் பிடிக்கிற பச்சையக் கொத்துகள் பெரிதாக, ஆனால் சர்க்கரை செய்கிற நொதிகள் குறைவாக, உபரி ஒளியைக் கழித்துவிடும் நிறமிகளும் குறைவாக. அப்படிப்பட்ட இலையை ஒரே நாளில் நடுப்பகல் வெயிலில் வைத்தால் தாங்காது. தண்ணீர் ஊற்றியது நல்லதுதான், ஆனால் இது தாகத்தால் வந்த வியாதி இல்லை. அடுத்த முறை முதலில் காலை வெயில் மட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, இரண்டு மூன்று வாரம் பழக்குங்கள். வெந்துபோன இலை மறுபடி பச்சையாகாது. ஆனால் வெயிலில் துளிர்க்கிற புது இலை சின்னதாக, தடிப்பாக, வெயிலுக்கென்றே தயாராகி வரும். அதனால் செடியைத் தூக்கிப்போட வேண்டாம்.

கேள்வி: நாம் மூச்சுவிடுவதும் அதே ஆக்ஸிஜன்தான். அது எப்படி திடீரென்று நஞ்சாகிறது? 'ஆர்.ஓ.எஸ்' என்று பாடத்தில் ஒரு வரி வருகிறது, ஆசிரியரும் அதைத் தாண்டிப் போய்விட்டார். (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

பதில்: அவரைக் குறை சொல்லாதீர்கள். இதைச் சொல்லப் போனால் எலக்ட்ரானின் சுழற்சி வரை போக வேண்டும், மணி அடித்துவிடும்.

சாதாரண ஆக்ஸிஜன் மூலக்கூறு உண்மையில் ஒரு சோம்பேறி. அதில் ஜோடி சேராத இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கின்றன, இரண்டும் ஒரே திசையில் சுழல்கின்றன. மற்ற மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் எதிரெதிர் சுழற்சியோடு ஜோடியாக இருப்பதால், ஆக்ஸிஜனால் அவற்றிடமிருந்து ஒரு ஜோடியை அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. ஒரு பூட்டு போட்ட மாதிரி. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் இருந்தும் காடும் காகிதமும் நாமும் தானாகப் பற்றி எரியாமல் இருப்பதற்கு இந்தப் பூட்டு ஒரு பெரிய காரணம்.

பூட்டைத் திறக்க இரண்டு வழி. ஒன்று, ஆற்றலைக் கொடுத்து ஓர் எலக்ட்ரானின் சுழற்சியைத் திருப்பிவிடுவது. அப்படி வருவது சிங்லெட் ஆக்ஸிஜன். இன்னொன்று, எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகக் கொடுப்பது. ஆக்ஸிஜன் தண்ணீராக மாற மொத்தம் நான்கு எலக்ட்ரான் வேண்டும். ஒன்று வாங்கினால் சூப்பர் ஆக்ஸைடு, இரண்டு வாங்கினால் ஹைட்ரஜன் பெராக்ஸைடு (ஆமாம், காயத்தைக் கழுவ வைத்திருக்கிற அதே பொருள்), மூன்றாவதில் ஹைட்ராக்சில், நான்காவதில் தண்ணீர். கடைசிப் படிக்கு வந்துவிட்டால் சாது. நடுவில் நிற்கிற மூன்றும், அந்த சிங்லெட்டும் சேர்ந்ததுதான் உங்கள் ஆர்.ஓ.எஸ், அதாவது வினைமிகு ஆக்ஸிஜன் வகைகள்.

நான்கும் ஒரே குணம் கொண்டவை என்று நினைத்துவிடாதீர்கள், பல கட்டுரைகள் செய்கிற தவறு அது. ஹைட்ராக்சில் பிறந்த இடத்திலேயே, நானோநொடிக் கணக்கில், எதிர்ப்பட்ட முதல் மூலக்கூறைக் கடித்துவிட்டுத் தீர்ந்துபோகும். அதைத் தடுக்க ஒரு நொதியும் கிடையாது, பிறக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி. சிங்லெட் ஆக்ஸிஜன் தண்ணீரில் மூன்று நான்கு மைக்ரோநொடி இருக்கும், செல்லுக்குள் அதைவிடக் குறைவு. ஹைட்ரஜன் பெராக்ஸைடு மட்டும் நிதானமானது. நீண்ட நேரம் தங்கும், சவ்வுகளைக் கடந்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகும். ஆனால் அது தனி இரும்பைச் சந்தித்தால் ஹைட்ராக்சிலாக உடைகிறது. இந்த வினையின் மூலத்தை 1894-ல் விவரித்தவர் ஹென்றி ஃபென்டன் என்ற வேதியியலாளர். இலைச் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கிற உறுப்பான பசுங்கணிகத்தில் இரும்பு ஏராளம், அதனால்தான் செடி உபரி இரும்பை ஃபெரிட்டின் என்ற புரதக் கூண்டுக்குள் பூட்டிவைக்கிறது.

கேள்வி: இலைக்குள் இது சரியாக எந்த இடத்தில் நடக்கிறது? கொஞ்சம் விவரமாகவே சொல்லலாம், எங்களால் புரிந்துகொள்ள முடியும்.

பதில்: சரி, நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

பசுங்கணிகத்துக்குள் இருக்கும் தைலகாய்டு சவ்வில் இரண்டு இயந்திரங்கள் வரிசையாக வேலை செய்கின்றன. முதலில் வேலை செய்வதற்குப் பெயர் ஒளி அமைப்பு-2, அடுத்ததற்குப் பெயர் ஒளி அமைப்பு-1. கண்டுபிடித்த வரிசையில் பெயர் வைத்ததால் வந்த குழப்பம் இது, மாணவர்கள் இன்றும் அனுபவிக்கிறார்கள். இரண்டிலும் ஆபத்து உண்டு, ஆனால் ஆபத்தின் வகை வேறு.

ஒளி அமைப்பு-2 தண்ணீரைப் பிளக்கிறது. தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவது லேசான காரியம் இல்லை, அதற்காக இந்த இயந்திரத்தின் நடுவில் இருக்கிற பி680 என்ற பச்சையம் ஓர் எலக்ட்ரானை இழந்த நிலையில் உயிருலகத்திலேயே நமக்குத் தெரிந்த மிகக் கடுமையான எலக்ட்ரான் பறிப்பானாக ஆகிறது. சிக்கல் எப்போது வருகிறது என்றால், கீழே பாதை அடைத்துக்கொண்டு எலக்ட்ரான் நகர முடியாதபோது. தூண்டப்பட்ட பச்சையம் அப்போது மும்மை நிலை என்ற ஒரு நிலைக்குச் சரிகிறது, அதன் ஆற்றலைப் பக்கத்தில் இருக்கிற ஆக்ஸிஜன் அப்படியே வாங்கிக்கொண்டு சிங்லெட் ஆகிவிடுகிறது. ஆக்ஸிஜனுக்கோ அங்கே பஞ்சமே இல்லை, அதே இயந்திரம்தானே அதைத் தயாரிக்கிறது!

ஒளியைப் பிடிக்கிற வெளிக் கொத்துகளில் இதற்குக் காவல் பலம்: பச்சையங்களின் பக்கத்திலேயே ஒட்டினாற்போல் கரோட்டினாய்டு என்ற நிறமிகள் உட்கார்ந்து, மும்மை நிலையின் ஆற்றலை வாங்கி வெப்பமாக விட்டுவிடும். காரட்டுக்கு நிறம் தருகிற அதே குடும்பம். ஆனால் நடு மையத்தில் அப்படிப் பக்கத்திலேயே வைக்க முடியாது, வைத்தால் அந்தப் பறிப்பான் கரோட்டினிடமிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடும். அதனால் கரோட்டின் சற்றுத் தள்ளி நின்று, பிறந்துவிட்ட சிங்லெட்டைப் பிடிக்கப் பார்க்கிறது. சவ்வில் இருக்கிற வைட்டமின்-இ கூட உதவிக்கு வரும். இதையும் தாண்டி அடிபடுவது டி1 என்ற ஒரே ஒரு புரதம். 20-க்கு மேற்பட்ட புரதங்கள் சேர்ந்த இயந்திரத்தில், இந்த ஒன்றைத்தான் செடி திரும்பத் திரும்பக் கழற்றி, ஒரு நொதியால் மென்று அழித்து, புதிதாகச் செய்து மாட்டுகிறது. கடும் வெயிலில் ஒரு டி1 ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தாலே பெரிது. அதாவது நண்பகலில் நீங்கள் பார்க்கிற எந்தப் பச்சை இலையும் உடைந்துகொண்டும் அதே வேகத்தில் ஒட்டப்பட்டுக்கொண்டும்தான் இருக்கிறது. உடையும் வேகம் ஒட்டும் வேகத்தைத் தாண்டும்போதுதான் நமக்கு வெளியே தெரிகிறது. வினைமிகு ஆக்ஸிஜன் டி1-ஐ நேரடியாக உடைக்கிறதா, அல்லது புது டி1 தயாரிக்கிற வேலையைத் தடுக்கிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதம் செய்கிறார்கள். இரண்டும் நடக்கிறது என்பது என் கட்சி.

ஒளி அமைப்பு-1-ல் கதை வேறு. அங்கே வரும் எலக்ட்ரான்களுக்கு உரிய ஆள் இல்லை என்றால், ஆக்ஸிஜன் கையேந்தி வாங்கிக்கொண்டு சூப்பர் ஆக்ஸைடு ஆகும். ஒளிபட்ட பசுங்கணிகம் ஆக்ஸிஜனிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு செய்கிறது என்று 1951-ல் காட்டியவர் ஆலன் மெஹ்லர், அதனால் இதற்கு மெஹ்லர் வினை என்றே பெயர். சூப்பர் ஆக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றும் நொதியை மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-ல் அடையாளம் காட்டினார்கள், ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது மாட்டு இரத்தம், செடி இல்லை. அப்புறம் 1976-ல் ஃபோயர், ஹாலிவெல் இருவரும், தொடர்ந்து ஜப்பானில் கோஸி அசாடாவும் மீதிச் சங்கிலியைக் கோத்தார்கள்: அந்தப் பெராக்ஸைடை வைட்டமின்-சி செலவழித்துத் தண்ணீராக்குகிறது இலை, செலவான வைட்டமின்-சியை உடனே புதுப்பித்தும் கொள்கிறது. ஒரு முனையில் தண்ணீரைப் பிளந்து எடுத்த எலக்ட்ரான், இன்னொரு முனையில் ஆக்ஸிஜனைத் தண்ணீராக்கி முடிகிறது. அசாடா இதற்கு நீர்-நீர் சுழற்சி என்று பெயர் வைத்தார்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒளி அமைப்பு-2 அடிக்கடி உடையும், சீக்கிரம் சரியாகும். ஒளி அமைப்பு-1 லேசில் உடையாது, உடைந்தால் சரியாக நாள் கணக்கில் ஆகும். வெள்ளரி மாதிரி குளிர் தாங்காத செடிகளில், குளிரோடு மிதமான வெளிச்சம் சேர்ந்தாலே இந்த ஒளி அமைப்பு-1 சேதம் வருகிறது. வெயில்தான் கடுமையாக இல்லையே என்று நினைப்போம், ஆனால் குளிரில் சர்க்கரை செய்கிற நொதிகள் மந்தமாகிவிடுவதால் அந்த மிதமான ஒளியே உபரிதான்.

கேள்வி: தண்ணீரைப் பிளந்து, திரும்பத் தண்ணீரே செய்வதா? இதைவிட வெட்டி வேலை உண்டா? இயற்கை எதையும் வீணாக்காது என்பார்களே.

பதில்: இயற்கை தாராளமாக வீணாக்கும், அந்தப் பழமொழியை யார் கிளப்பிவிட்டார்களோ. ஆனால் இது வீண் இல்லை. ஏரிக்குக் கலிங்கு எதற்கு? மழை கொட்டும்போது வழிந்தோடும் தண்ணீரைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும், ஆனால் கலிங்கு இல்லாத ஏரியில் கரையே போய்விடும். இலையில் இப்படிப் பல கலிங்குகள். நீர்-நீர் சுழற்சி ஒன்று. ருபிஸ்கோ நொதி கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும் ஒளிச்சுவாசம் இன்னொன்று; அதைப் பாடப்புத்தகங்கள் ஒரு கோளாறு போலவே எழுதுகின்றன, ஆனால் வறட்சியில் இலைத்துளைகள் மூடிக்கிடக்கும்போது எலக்ட்ரான்களுக்கு அது ஒரு போக்கிடம். (அதிலும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு பிறக்கிறது, பெராக்ஸிசோம் என்ற பையில், அங்கேயே கேட்டலேஸ் நொதி அதைத் தீர்த்துவிடும்.) பசுங்கணிகங்களே செல்லின் பக்கச்சுவர் ஓரமாக நகர்ந்து, ஒன்றன் பின் ஒன்றாக நிழலில் ஒளிந்துகொள்வதும் உண்டு. இந்த நகர்வு கெட்டுப்போன செடி கடும் ஒளியில் அதிகம் சேதமாகிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கலிங்கு வெப்பமாகக் கழிப்பது. தைலகாய்டுக்குள் அமிலம் கூடியதும், வயலாக்சாந்தின் என்ற மஞ்சள் நிறமி ஸியாக்சாந்தினாக மாறுகிறது, பிஎஸ்பிஎஸ் என்ற புரதமும் விழித்துக்கொள்கிறது, ஒளிக்கொத்துகள் பிடித்த ஆற்றலை ஒளிச்சேர்க்கைக்கு அனுப்பாமல் நேரே வெப்பமாக விட்டுவிடுகின்றன. நல்ல வெயிலில் உறிஞ்சியதில் பாதிக்கு மேல் இப்படியே போகும். பச்சையாக, அசையாமல், சும்மா இருப்பது போலத் தெரிகிற இலை அந்த நேரத்தில் செய்கிற முக்கியமான வேலையே ஆற்றலைப் பத்திரமாகத் தொலைப்பதுதான்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தக் கலிங்கு திறக்க ஓரிரு நிமிடம் போதும், மூட வெகுநேரம் ஆகும். மேகம் வந்து மறைத்த பிறகும், மேல் இலை அசைந்து நிழல் விழுந்த பிறகும் இலை ஆற்றலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அது உண்மையிலேயே வீண். அமெரிக்காவின் இல்லினாய், பெர்க்லி ஆய்வாளர்கள் சேர்ந்து புகையிலைச் செடியில் இது தொடர்பான மூன்று மரபணுக்களைக் கூட்டி, திறப்பதையும் மூடுவதையும் வேகமாக்கினார்கள். வயலில் வளர்த்த செடிகளின் எடை 15 சதவீதம் அளவுக்குக் கூடியது. 2016-ல் வந்த முடிவு. கவனியுங்கள், கலிங்கை அடைக்கவில்லை, வேகமாக மூடும்படி மட்டும் செய்தார்கள். அடைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு முதல் கேள்வி கேட்டவரின் செடி சாட்சி.

கேள்வி: அப்படியானால் வைட்டமின்-சி மாத்திரையைக் கரைத்து இலையில் தெளிக்கலாமா?

பதில்: வேண்டாம். பசுங்கணிகத்தில் ஏற்கெனவே அது லிட்டருக்கு பத்து இருபது மில்லிமோல், அதற்கு மேலும் இருக்கிறது. பற்றாக்குறை சரக்கில் இல்லை, அதைப் புதுப்பிக்கிற வேகத்தில். நிழல் கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள், மாத்திரையை நீங்கள் சாப்பிடுங்கள். தவிர, எல்லா வினைமிகு ஆக்ஸிஜனையும் துடைத்தெடுப்பது செடிக்கு நல்லதும் இல்லை. அதற்கு அடுத்த கேள்வியே வந்திருக்கிறது.

கேள்வி: இவை முழுக்க முழுக்கக் கெட்டவைதானா? 'ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்' என்று விளம்பரத்தில் பார்த்துப் பார்த்து எனக்கு அப்படித்தான் தோன்றிவிட்டது.

பதில்: எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது, ஒரு சோதனையைப் படிக்கும்வரை. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 'ஃப்ளு' என்று ஒரு திரிபு வகை உண்டு. பச்சையம் செய்வதற்கு முந்தைய கட்டத்துப் பொருள் ஒன்று இருட்டில் அதற்குள் அளவில்லாமல் சேர்ந்துவிடும், சாதாரணச் செடியில் சேராது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அந்தப் பொருள் ஒளியை உறிஞ்சி, பக்கத்தில் இருக்கிற ஆக்ஸிஜனை சிங்லெட் ஆக்கிவிடும். நாற்று என்றால் செத்துப்போகும், வளர்ந்த செடி என்றால் வளர்ச்சி நின்றுவிடும். இதைப் பார்க்கிற யாரும் என்ன சொல்வோம்? நஞ்சு கொன்றுவிட்டது, முடிந்தது கதை.

முடியவில்லை. கிளாவுஸ் ஆப்பெல் குழு 2004-ல் எக்ஸிக்யூட்டர்-1 என்ற ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தது. ஃப்ளு செடியில் அந்த மரபணுவையும் கெடுத்துவிட்டால், அதே இருட்டு, அதே வெளிச்சம், அதே அளவு சிங்லெட் ஆக்ஸிஜன், ஆனால் செடி சாகவில்லை! அப்படியென்றால் அங்கே நஞ்சு கொல்லவில்லை. சிங்லெட் ஆக்ஸிஜன் பிறந்தது என்ற சேதியைக் கேட்டு, செல் தன் சாவுக்குத் தானே உத்தரவு போட்டிருக்கிறது. சேதி போகிற வழியை அறுத்ததும் உத்தரவும் இல்லை, சாவும் இல்லை. மரபணுவுக்குப் பெயர் வைத்தவருக்கு நல்ல கற்பனை, எக்ஸிக்யூட்டர் என்றால் நிறைவேற்றுபவர்.

அளவு மிக அதிகமானால் நேரடியாகவே அரித்துக் கொல்லும், அதை மறுக்கவில்லை. குறைந்த அளவில் இவை செடிக்குத் தகவல். சிங்லெட் ஆக்ஸிஜன் கரோட்டினைத் தாக்கும்போது உடைந்து விழும் ஒரு துண்டு, பீட்டா-சைக்ளோசிட்ரால் என்று பெயர், ஆவியாகக்கூடியது. அதுவே உட்கருவின் மரபணுக்களை மாற்றி இயக்கி, செடியை அடுத்த கடும் ஒளிக்குத் தயாராக்குகிறது என்று 2012-ல் காட்டினார்கள். காவல்காரன் அடிபட்டு விழுகிற சத்தமே எச்சரிக்கை மணி. முதல் பதிலில் செடியை மெதுவாக வெயிலுக்குப் பழக்கச் சொன்னேனே, அது வேலை செய்வதற்கு இந்தச் சிறு சிறு அடிகளும் ஒரு காரணம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் செடிக்கு வெயில் ஏறியது தெரிய ஒரு வழி குறைந்துபோகும்.

கேள்வி: சில களைக்கொல்லிகள் வெயில் அடித்தால்தான் வேலை செய்யும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை, பாராக்வாட் அப்படிப்பட்டது. 1962-ல் விற்பனைக்கு வந்தது. ஒளி அமைப்பு-1-ன் வாயிலில் நின்று எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்ஸிஜனுக்குக் கொடுக்கும், கொடுத்துவிட்டுப் பழைய உருவத்துக்கே திரும்பி, அடுத்ததைப் பிடுங்கும். தான் தீராமல் சூப்பர் ஆக்ஸைடை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும் தரகர். மேலே சொன்ன காவல் எல்லாம் சில மணி நேரத்தில் திணறிவிடும், இலை கருகிவிடும். இருட்டில் எலக்ட்ரான் ஓட்டம் இல்லை, அதனால் கருகலும் தாமதம். டையூரான், அட்ரசின் வகைகள் வேறு மாதிரி, அவை டி1 புரதத்தில் எலக்ட்ரான் போகிற வழியில் உட்கார்ந்து அடைத்துவிடும், தேங்கிய ஆற்றல் சிங்லெட் ஆகும்.

பாராக்வாட்டைப் பற்றி இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. நம் உடலில் ஒளிச்சேர்க்கை இல்லை, ஆனால் எலக்ட்ரான் உண்டு. நுரையீரல் செல்கள் அந்தப் பொருளை இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன, அங்கே ஆக்ஸிஜனும் தாராளம், அதே தரகு வேலை அங்கும் நடக்கும். மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்ஸிஜன் கொடுக்கக்கூட மருத்துவர்கள் தயங்குகிற விஷம் இது, கொடுத்தால் சேதம் கூடலாம் என்பதால். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-லிருந்து அனுமதி இல்லை.

கேள்வி: மாந்தளிர் ஏன் சிவப்பு? பச்சையாகவே துளிர்த்தால் என்ன?

பதில்: தளிரில் ஒளியைப் பிடிக்கிற பகுதிகள் உருவாகத் தொடங்கிவிடும், அதைச் செலவழிக்கிற பகுதிகள் இன்னும் முழுசாக வந்திருக்காது. வரவு இருக்கிறது, செலவு இல்லை. ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி ஒளியில் ஒரு பகுதியை, முக்கியமாகப் பச்சை ஒளியை, பச்சையத்துக்குப் போகும் முன் தடுத்துவிடுகிறது, குடை மாதிரி. பூச்சிகளை விலக்கத்தான் சிவப்பு என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஒன்றுக்கொன்று முரண் இல்லை, குடையால் நாயையும் விரட்டலாம்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்கள். நம் தோலில் பச்சையம் இருந்தால் வெயிலில் நின்றே பசியாறலாமே? (இதை எழுதியவர் வயது 11 என்று போட்டிருக்கிறார்)

பதில்: முதலில் கணக்கு. நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் 1000 வாட் அளவுக்கு ஆற்றல் விழும். உன் உடம்பில் ஒரே நேரத்தில் வெயில் படுகிற தோல் ஒரு சதுர மீட்டர்கூட வராது, இலை அதில் ஒன்று இரண்டு சதவீதத்தைத்தான் சேமிக்கும். ஆக 10, 20 வாட். சும்மா உட்கார்ந்திருக்கவே பெரியவர்களுக்கு 100 வாட் பக்கத்தில் வேண்டும். உனக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் நீ சும்மா உட்காருவாயா என்பது சந்தேகம்.

அதைவிடப் பெரிய சிக்கல், காவல் இல்லாத பச்சையம் வெயிலில் ஒரு தீக்குச்சி. பச்சையத்தின் உறவுக்காரப் பொருளான ஹெமட்டோபோர்ஃபிரினை, 1912-ல் ஃப்ரீட்ரிக் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டார். வெயில் பட்ட முகமும் கையும் பயங்கரமாக வீங்கிப்போயின, பல வாரங்களுக்கு வெயிலில் தலைகாட்ட முடியவில்லை. (நீ செய்து பார்க்காதே.) இதே வினையைக் கட்டுக்குள் வைத்து, புற்றுநோய்க் கட்டியில் மட்டும் ஒளி பாய்ச்சி அழிக்கிற சிகிச்சை இன்று இருக்கிறது. ஆடு மாடுகளிலும் இதைப் பார்க்கலாம்: அவை மேயும் பச்சையம் வயிற்றில் உடைந்து ஒரு பொருளாக மாறும், ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். உண்ணிச்செடி மாதிரி எதையாவது மேய்ந்து ஈரல் கெட்டுப்போனால் அந்தப் பொருள் இரத்தத்தில் தங்கி, தோலுக்கு வந்து, வெயில் பட்டதும் முடி குறைந்த வெள்ளைத் தோல் பகுதிகள் புண்ணாகிவிடும்.

நீ கேட்டதைச் செய்கிற விலங்கும் இருக்கிறது. எலிசியா என்ற கடல் நத்தை வகை, ஓடு கிடையாது, பாசியை உறிஞ்சிக் குடித்து அதன் பசுங்கணிகங்களை மட்டும் செரிக்காமல் தன் உடம்பில் வைத்துக்கொள்ளும், பச்சை இலை போலவே இருக்கும். அதில் எலிசியா டிமிடா என்ற இனத்துக்கு முதுகின் இரு பக்கமும் இரண்டு மடல்கள். மிதமான வெளிச்சத்தில் அவற்றை விரித்து வைத்திருக்கும். வெயில் கூடியதும் சுருட்டி மூடிக்கொள்ளும்.